சாக்பீஸ் பஸ்ஸில் பதினோரு பேர்

ராக்கப்பனின் வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது. சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் திடீரென்று நீண்டு குழம்புச் சட்டியைத் தள்ளியது. முடிவெட்ட உட்கார்ந்தால் நாற்காலியோடு அவரைப் பின்னால் சாய்த்தது. பள்ளிவாசல் என்ற அந்த ஊரின் கடைத்தெருவில் சவரக்கடை வைத்திருந்தவர் இரண்டு முறை பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் முறை கத்தியை மடக்கி வைத்துவிட்டு, "நீங்க தாடி வளத்துக்கிடுங்க டிரைவரே, முகத்துக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தூக்கத்தில் அது மிதித்து மிதித்து மனைவி பூமாரியின் முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. அவள் இருவருக்கும் நடுவில் ஒரு அரிசி மூட்டையைப் போட்டுப் படுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் மூட்டை கிழிந்தது.

அதை உதை என்று சொல்ல முடியாது. குதிகாலை ஊன்றி, முன்பாதத்தை அழுத்திப் பிடிக்கும். வண்டி ஓட்டத் தெரிந்த எவருக்கும் பார்த்தவுடன் விளங்கிவிடும். ராக்கப்பனின் கால் பிரேக் போட்டுக்கொண்டிருந்தது.

ராக்கப்பனுக்கு நாற்பத்தொரு வயது. பத்தொன்பது வருஷமாக வண்டி ஓட்டியவர். முதலில் எஸ்டேட் லாரி, பிறகு வேலாயுதம் மோட்டார்ஸ் பஸ். மூணாறுக்கும் அடிமாலிக்கும் இடையே உள்ள ஒவ்வொரு வளைவும் அவருக்குத் தெரியும். எழுபத்தாறாம் வருஷம் ஆனி மாதம், மழை நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மூணாறு சந்தைக்குப் போன எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு பள்ளிவாசல் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது பிரேக் மிதி பலகையோடு போய் ஒட்டிக்கொண்டது. மேலே வரவில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. வண்டியை மலைப்பக்கம் ஒடித்து ஓடைக்குள் இறக்கினார். பஸ் மண்திட்டில் உரசி, சாய்ந்து, நின்றது. இருபத்தாறு பேரில் ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை. செத்தது சாந்தம்மாளின் மடியில் இருந்த சேவல் மட்டும்தான்.

எல்லோரும் ராக்கப்பனைப் புகழ்ந்தார்கள். முதலாளி மாலை போட்டார். மாலையோடு நின்றபோதுதான் கால் முதன்முறையாக முன்னால் நீண்டு முதலாளியின் செருப்பை மிதித்தது.

அடிமாலி டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு முத்து மாதிரி இருக்கிறது என்றார். கோடாங்கிக்காரர் உடுக்கை அடித்துப் பார்த்து, செத்த சேவலின் ஆவி காலில் இறங்கியிருக்கிறது என்றார். அதற்குப் பதில் சேவல் ஒன்று கொடுத்தார்கள். கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கால் நீண்டு உடுக்கையைத் தள்ளிவிட, அது சரிவில் உருண்டு தேயிலைச் செடிகளுக்குள் போய்விட்டது. அரை மணி நேரம் தேடினார்கள். கோடாங்கிக்காரர் இது வேறு வகை ஆவி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. மூணாறு ஷெட்டில் பஸ் கழுவச் சொன்னார். ராக்கப்பன் ஷெட்டுக்கு நடந்தே போய் நடந்தே வந்தார். எந்த வண்டியிலும் ஏறவில்லை. அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் கத்தரீனாள் என்று ஒரு நர்ஸ் இருந்தார். வடக்கன்குளத்துக்காரர். ஊசி போடுவதற்கு முன் "வலிக்கும்" என்று உண்மையைச் சொல்லிவிடுவார் என்பதால் குழந்தைகளுக்கு அவரைப் பிடிக்காது. அவருடைய தம்பி சூசையப்பன் மாட்டுப்பட்டி மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தான். ஐப்பசியில் ஒரு நாள் தம்பியைப் பார்க்கப் போனபோது கத்தரீனாள் ஒரு சங்கதியைப் பார்த்தார். கன்றுக்குட்டி ஒன்று சாக்கடைக்குள் விழுந்துவிட்டது. நாலு பேர் கயிறு போட்டுத் தூக்கினார்கள். வெளியே வந்ததும் செத்தது போல் கிடந்தது. பிறகு காது நடுங்கியது. நடுக்கம் கழுத்துக்கு வந்து, முதுகில் ஓடி, வால் வரைக்கும் போயிற்று. படுத்தபடியே நாலு காலாலும் ஓடுவது போல் காற்றை உதைத்தது. கத்தரீனாள் பிடிக்கப் போனார். "பிடிக்காதீங்கக்கா, அது ஆடி முடிக்கட்டும்" என்றான் சூசையப்பன். கன்று பத்து நிமிஷம் ஆடியது. பெருமூச்சு விட்டது. எழுந்து தாயிடம் போய்ப் பால் குடித்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் கத்தரீனாளுக்கு மனம் சரியில்லை. பஸ் சாய்ந்த அன்று முதலில் ஓடிப் போனது அவர்தான். எல்லோரும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பளி போர்த்தி, சூடாகக் காப்பி கொடுத்து, "நடுங்காதீங்க, ஒண்ணுமில்ல" என்று ஒவ்வொருவரையும் அமுக்கி உட்கார வைத்தவர் அவர். அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது.

மறுநாள் ராக்கப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அன்னைக்கு உங்க கால் ஆடிச்சே, ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?"

"அன்னைக்கு எல்லாந்தான் ஆடிச்சு சிஸ்டர்."

"நான் ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சேன். ஆட்டாதீங்க, ஆட்டாதீங்கன்னேன். அதான் தப்பாப் போச்சு. கன்னுக்குட்டி ஆடி முடிச்சிட்டுப் பால் குடிக்கப் போயிட்டு. உங்க கால் இன்னும் முடிக்கல."

ராக்கப்பன் யோசித்தார். "அப்ப நான் பால் குடிக்கணுமா?"

"ஆடணும்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

ராக்கப்பன் எழுந்தார். வேட்டியை இறுக்கினார். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு கரகாட்டக்காரர் போல் இரண்டு குலுக்குக் குலுக்கினார். ஊசி போட்டுக்கொள்ள வந்திருந்த இரண்டு பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

"அப்படியில்ல அண்ணாச்சி. கால் என்ன செய்யணும்னு நெனைக்குதோ அத விட்டுக் கொடுங்க."

"அது பிரேக் போடணும்னு நெனைக்குது. பஸ்ஸே இல்லாம பிரேக்க எதுல போட?"

நியாயமான கேள்வி என்று கத்தரீனாளுக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைக் காப்பகம் காலியாக இருக்கும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் நீளமான கூடம் அது. மேலே உத்தரத்தில் வரிசையாகத் தொட்டில் சேலைகள் தொங்கும். அந்தச் சிமெண்டுத் தரையில் கத்தரீனாள் சாக்பீஸால் ஒரு பஸ் வரைந்தார். டிரைவர் இருக்கை சுவரை ஒட்டி வந்தது.

ராக்கப்பன் வந்து பார்த்தார். முகம் சுளித்தது. "ஸ்டியரிங்க இடது பக்கம் போட்டிருக்கீங்க."

அழித்து வரைந்தார்.

"இதுல கதவு எங்க?"

கதவும் வரைந்தார். ஸ்டியரிங்குக்கு ஒரு முறத்தைக் கொடுத்தார். ராக்கப்பன் குட்டி பெஞ்சில் உட்கார்ந்து முறத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் சுவரைப் பார்த்தார். கால் அசையவே இல்லை. நான்கு மாதத்தில் அது அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் வரல சிஸ்டர். காலி வண்டிய நிறுத்தி என்ன செய்ய? அன்னைக்கு உள்ள ஆளுக இருந்தாங்கள்லா."

அவர் அந்த நாளைப் பற்றி வாயைத் திறந்தது அப்போதுதான். கத்தரீனாள் அதை விட்டுவிட விரும்பவில்லை. அந்த வாரம் முழுக்க, தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகப் போய், பஸ்ஸில் இருந்தவர்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

இருபத்தாறு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். கண்டக்டர் சுடலையும் வந்தான். ராக்கப்பனோடு சேர்த்துப் பதினோரு பேர். பூமாரி அன்று பஸ்ஸில் இல்லாததால் டீத் தூக்குடன் வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

யார் எங்கே உட்கார்ந்தோம் என்பதிலேயே சண்டை தொடங்கியது. எல்லோருக்கும் ஜன்னல் ஓரம் வேண்டும். கொழுந்து பறிக்கும் சாந்தம்மாள், ஐம்பது வயது, தலையை இடது பக்கம் சாய்த்தபடியே வந்தாள். விபத்துக்குப் பிறகு அவள் கழுத்து வலது பக்கம் திரும்பவே இல்லை. வலது பக்கம் நின்று பேசுகிறவர்களுக்கு முழு உடம்போடு திரும்பித்தான் பதில் சொல்வாள். அவள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள்.

தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்யும் பொன்ராஜ் கடைசியாக வந்தான். நான்கு மாதமாக எஸ்டேட் முழுக்க ஒரே கதை சொல்லிக்கொண்டிருந்தவன். பஸ் சாயும்போது பின்கதவைத் திறந்து, ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கிவிட்டு, கடைசியாகத் தான் இறங்கினேன் என்று. "எனக்கு ஒரு நோவும் கிடையாது. சும்மா உங்களுக்குத் துணைக்கு வந்திருக்கேன்" என்றான். அவன் குளிக்கும்போதுகூடக் கதவைச் சாத்துவதில்லை என்பது அவன் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். 

"நீ எங்கிட்டுலே உக்காந்திருந்த?" என்று சுடலை கேட்டான்.

"பின்கதவுகிட்ட."

"சாந்தம்மாக்காவுக்குப் பின்சீட்டுல்லா? நான்தானடே டிக்கெட் கிழிச்சுக் கொடுத்தேன்."

பொன்ராஜ் ஏதோ முனகிக்கொண்டு சாந்தம்மாளுக்குப் பின்னால் உட்கார்ந்தான். குழந்தைகளின் பெஞ்சு என்பதால் எல்லோருக்கும் முழங்கால் மோவாயை இடித்தது.

அந்த நேரத்தில்தான் மலையாளத்துக் கான்ஸ்டபிள் ஔசேப்பு உள்ளே வந்தார். எமர்ஜென்சி காலம். ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று உத்தரவு. எஸ்டேட்டில் யாரோ கூட்டம் போடுகிறார்கள் என்று அவருக்குத் தகவல் போயிருந்தது.

"என்னா இது? அஞ்சு பேருக்கு மேல கூடான் பாடில்லா, அறியில்லே?" பெஞ்சுகளில் இருந்தவர்களை விரல் நீட்டி எண்ணினார். "பதினொண்ணு!"

"இது கூட்டம் இல்ல சார். பஸ்" என்றார் கத்தரீனாள்.

"எவிடெ பஸ்?"

"நீங்க அதுமேலதான் நிக்கிறீங்க."

ஔசேப்பு குனிந்து பார்த்தார். அவருடைய பூட்ஸ் சாக்பீஸ் கோட்டின் மேல் இருந்தது. பாம்பைக் கண்டது போல் காலை எடுத்தார்.

"ஃபுட்போர்டுல நிக்காதீங்க சார், உள்ள வாங்க" என்றான் சுடலை பழக்க தோஷத்தில்.

பஸ்ஸில் ஐந்து பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று உத்தரவில் எழுதியிருந்ததாக ஔசேப்புக்கு நினைவில்லை. "செரி. ஞான் இவிடெ இருந்நு நோக்கட்டே" என்று தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

கத்தரீனாள் நடுவில் நின்று சொன்னார். "அவசரப்படாதீங்க. அன்னைக்கு உங்க உடம்பு என்ன செய்ய நெனச்சுதோ அத மெதுவாச் செய்யுங்க. நடுக்கம் வந்தா வரட்டும். நான் யாரையும் பிடிக்க மாட்டேன். சுடலை, நீ வழியச் சொல்லு."

சுடலைக்கு இந்த வேலை பிடித்திருந்தது. "பழைய மூணாறு தாண்டியாச்சு... ஹெட்வொர்க்ஸ் தாண்டியாச்சு... நல்ல மழை. கண்ணாடியெல்லாம் மூடியிருக்கு... பள்ளிவாசல் இறக்கம்... டிரைவரண்ணன் பாட்டு முணுமுணுக்காரு..."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

"மொத வளைவு... ரெண்டாவது வளைவு..."

ராக்கப்பனின் கை முறத்தை இறுக்கியது. வலது கால் நீண்டு சுவரில் பதிந்தது. பெஞ்சு கிறீச்சிட்டது.

"பிரேக் பிடிக்கல!" என்று அவர் கத்தினார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது அவருக்கே தெரியாது. அன்று அவர் கத்தவில்லை.

அடுத்த நொடி மூன்றாம் வரிசைக்குப் பின்னால் ஒரு குழப்பம். பொன்ராஜ் எழுந்துவிட்டான். யாரும் சொல்லாமலே, கண்ணை மூடிக்கொண்டு, எதிரே இருந்த ஜன்னலை நோக்கிப் பாய்ந்தான். வழியில் சாந்தம்மாள் இருந்தாள். அவன் முழங்கால் அவள் தோளில் ஏறியது. பாதம் அவள் கழுத்தின் வலது பக்கம் பதிந்தது.

"ஏலேய்!" என்றாள் சாந்தம்மாள். "நீயாலே! அன்னைக்கும் நீதானாலே!"

இரண்டு கைகளையும் தூக்கி, நான்கு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பலம் அத்தனையும் திரட்டி, அவனைப் பிடித்துத் தள்ளினாள். பொன்ராஜ் சாக்பீஸ் பஸ்ஸின் பக்கவாட்டைத் தாண்டிப் பறந்து, ஒரு தொட்டில் சேலைக்குள் விழுந்தான். உத்தரம் முறுகியது. தொட்டில் ஒரு ஆட்டம் ஆடி அவனை உள்ளே மூடிக்கொண்டது. வெளியே இரண்டு கால் மட்டும் தெரிந்தது.

"சேவலையும் நீதானலே மிதிச்சுக் கொன்ன!" என்று அவனை நோக்கிக் கத்தினாள் சாந்தம்மாள். தொட்டில் அவளுக்கு வலது பக்கம் இருந்தது. அவள் கழுத்தைத் திருப்பித்தான் கத்துகிறாள் என்பதை முதலில் பார்த்தது பூமாரி. "மதினி, கழுத்து! கழுத்து!" என்று அவள் கூவினாள். சாந்தம்மாள் திகைத்துக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். இடது பக்கம் திருப்பினாள். வலது பக்கம் திருப்பினாள். திருப்பிக்கொண்டே இருக்கும்போது கை நடுங்கத் தொடங்கியது. பக்கத்திலிருந்த பெண்ணுக்குப் பல் கிடுகிடுத்தது. ஒவ்வொரு பெஞ்சாக நடுக்கம் பரவியது. சிலர் சிரித்துக்கொண்டே நடுங்கினார்கள், சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். அன்று பஸ்ஸில் இல்லாத ஔசேப்பின் முழங்காலும் கொஞ்சம் ஆடியது. அவர் அதன்மேல் தொப்பியை வைத்து மறைத்தார்.

தொட்டிலுக்குள்ளிருந்து விம்மல் கேட்டது. "நான் யாரையும் எறக்கி விடலக்கா... எல்லாருக்கும் முந்திக் குதிச்சவன் நான்தான். சாவப் போறேன்னு நெனச்சுட்டேன். எம்புள்ள மொகம் கண்ணுக்குள்ள வந்துச்சு..."

சாந்தம்மாள் எழுந்து போய்த் தொட்டிலைப் பார்த்தாள். இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் அழுகிற ஆளைத் தொட்டிலில் பார்த்ததும் கை தானாகப் போய் அதை ஆட்டத் தொடங்கிவிட்டது. "சரி, சரி. வாய மூடுலே" என்று திட்டிக்கொண்டே ஆட்டினாள்.

இந்தக் களேபரத்தில் எல்லோரும் ராக்கப்பனை மறந்துவிட்டார்கள், கத்தரீனாளைத் தவிர. அவர் டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தன் மடியிலேயே கோத்து வைத்திருந்தார். ராக்கப்பன் சுவரை மிதித்துக்கொண்டே இருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வியர்வை ஒழுகியது. சுவர் கருங்கல் சுவர். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அது நகரவில்லை.

"பிடிக்குதா அண்ணாச்சி?"

இன்னும் ஒரு தடவை அழுத்தினார். "பிடிக்குது" என்றார் ராக்கப்பன் ஆச்சரியத்துடன். "நிக்குது சிஸ்டர்... வண்டி நிக்குது."

அதன் பிறகு கால் ஆடத் தொடங்கியது. குதிகாலில் தொடங்கி, ஆடுசதைக்கு ஏறி, தொடைக்கு வந்து, இடுப்பைக் குலுக்கியது. முறம் கையிலிருந்து விழுந்தது. கத்தரீனாளின் கை இரண்டு முறை தானாக எழுந்தது. இரண்டு முறையும் அவர் அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் இருக்கும். ஆட்டம் சிறிது சிறிதாகக் குறைந்து, கால் சுவரிலிருந்து வழுக்கித் தரைக்கு வந்தது.

ராக்கப்பன் திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "எல்லாரும் இருக்கீகளா?" என்று கேட்டார்.

அன்று அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் எத்தனை பேர் செத்துக் கிடப்பார்களோ என்ற பயத்தில் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"இருக்கோம்ணே" என்றான் சுடலை. "இருக்கேன் தம்பி" என்றாள் சாந்தம்மாள். "நானும் இருக்கேன்" என்றது தொட்டில். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். "ஞானும் உண்டு" என்றார் ஔசேப்பு.

பூமாரி எல்லோருக்கும் டீ ஊற்றினாள். ராக்கப்பன் சம்மணம் போட்டுக் குடித்தார். டம்ளர் கவிழவில்லை.

சாக்பீஸ் பஸ்ஸின் புகழ் இரண்டு வாரத்தில் மாட்டுப்பட்டி வரைக்கும் போய்விட்டது. பல்வலிக்காரர்கள் வந்தார்கள். மருமகளோடு ஒத்துப்போகாத மாமியார் ஒருத்தி வந்து முன்சீட்டு கேட்டாள். பால் கறக்க விடாத பசு ஒன்றை ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்தபோது கத்தரீனாள் ஈரத் துணியால் பஸ்ஸைத் துடைத்துவிட்டார்.

துடைத்த மறுநாள் ஔசேப்பு சீருடை இல்லாமல் டிஸ்பென்சரிக்கு வந்தார். கொஞ்ச நேரம் எடை பார்க்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சிஸ்டரே, எனிக்கு ஒரு வள்ளம் வரச்சுத் தருமோ?" சின்ன வயதில் அவர் போன தோணி ஆற்றில் கவிழ்ந்ததாம். எல்லோரும் பிழைத்தார்களாம். அன்றிலிருந்து அவர் ஆற்றில் கால் வைத்ததில்லையாம். குளிப்பது வாளித் தண்ணீரில், அதுவும் உட்கார்ந்துகொண்டுதான். கத்தரீனாள் வரைந்து கொடுத்தார். துடுப்புப் போட ராக்கப்பனைக் கூப்பிட்டார்கள். "எனக்குப் பிரேக் உள்ள வண்டிதான் சிஸ்டர் தெரியும்" என்று அவர் மறுத்துவிட்டார். சுடலைதான் போனான்.

எல்லாம் அப்படியே சுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. நல்ல மழை நாளில் ராக்கப்பனின் கால்விரல்கள் கொஞ்சம் மடங்கும். பொன்ராஜ் குளிக்கும்போது கதவைச் சாத்தினாலும் தாழ்ப்பாள் போடுவதில்லை. சாந்தம்மாள் அவனை மன்னித்துவிட்டதாகச் சொன்னாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைப் பையைத் தூக்க அவனைத்தான் கூப்பிட்டாள்.

தை பிறந்து நாலாம் நாள் ராக்கப்பன் ஷெட்டுக்குப் போய்ச் சாவி கேட்டார். பிரேக்கை மூன்று தடவை பார்த்தார். மெக்கானிக்கையும் மூன்று தடவை பார்க்கச் சொன்னார். பூமாரி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வண்டி புறப்பட்டது. மூணாறிலிருந்து ஹெட்வொர்க்ஸ் வருவதற்குள் ஒரு மாட்டு வண்டி அவர்களை முந்திக்கொண்டு போயிற்று.

"டிரைவரே, நான் எறங்கி நடக்கட்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நடங்க. ஊருக்குப் போய் நாங்க வாறோம்னு சொல்லி வைங்க" என்றாள் பூமாரி.

பள்ளிவாசல் இறக்கம் வந்தது. எல்லோரும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். ராக்கப்பன் கியரை இறக்கினார். மிதித்தார். பிரேக் பிடித்தது. முதல் வளைவு போயிற்று. இரண்டாவது வளைவும் போயிற்று. சுடலை வெளியே பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்து கத்தினார். "யோவ், நான் எறங்க வேண்டிய இடம் போயிருச்சுய்யா! எத்தன தரம் சொல்லுதது?"

ராக்கப்பன் ஓரம் கட்டி நிறுத்தினார். பெரியவர் இரண்டு சாக்கையும் ஒரு குடையையும் எடுத்துக்கொண்டு படி படியாக இறங்கினார். நடுப்படியில் நின்று வெற்றிலை எச்சில் துப்பினார்.

"நிதானமா எறங்குங்க அண்ணாச்சி" என்றார் ராக்கப்பன். "வண்டி நிக்குது."